தாய்மொழி என்ன என்று கேட்ட கட்டம்: மும்பையில் கணிப்பொறிக் கல்லூரி தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு

மும்பையில் மழை இறங்குகிற வாரமும் கல்லூரி தேடுகிற வாரமும் அநேகமாக ஒன்றாகத்தான் வரும். ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூரில் என் வீட்டு வாசலில் நனைந்த குடைகள் நாலைந்து சாய்ந்து கிடக்கும். தாராவியிலிருந்து, மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து, மான்குர்டிலிருந்து அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். நான் பெரிய கல்வியாளன் இல்லை. டிப்ளமோ படித்து, பிறகு பொறியியல் முடித்து, மென்பொருள் வேலையில் தலை நரைத்தவன். சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அலைந்து கற்றுக்கொண்டதை நாலு பேருக்குச் சொல்லப் போய், அது வருஷா வருஷம் நடக்கிற காரியமாகி விட்டது.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கு எந்த காலேஜ் நல்ல காலேஜ்? பேரை மட்டும் சொல்லுங்க, சேர்த்துடுதோம்."

பேரைச் சொல்வது எளிது. அந்தப் பேர் உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா, அந்த வாசல் உங்களுக்குத் திறக்குமா என்பதுதான் கஷ்டம். கல்லூரி தேர்வு என்பது உண்மையில் நாலு கேள்விகள்: என்ன படிப்பு, எந்த வாசல் வழியாக, உள்ளே என்ன நடக்கிறது, எவ்வளவு பணம். இந்த நாலையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்கப் பார்க்கிறேன். நடுவில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் வரும். அது பெருமைக்குரிய கதை அல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கும் செல்வம்

தாராவி தொண்ணூறு அடி சாலையிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில், மாட்டுங்காவில் இருக்கிறது வி.ஜே.டி.ஐ. 1887-ல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகமாகப் பைக்குலாவில் தொடங்கியது. 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997-ல் வீரமாதா ஜீஜாபாய் பெயர் சூட்டப்பட்டது. பழைய சுருக்கப் பெயர் கெடாமல் பெயரை மாற்றிய சாமர்த்தியம் அது! அந்த மதில் சுவரை ஒட்டி நடந்து போன நம் ஆட்கள் எத்தனை பேர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் சிலர்தான்.

கணிப்பொறியும் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட ஆரம்பகாலக் கணிப்பொறிகளில் முக்கியமான ஒன்று மும்பையில்தான் உருவாயிற்று. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-ல் முறைப்படி இயங்கத் தொடங்கிய அந்த இயந்திரத்துக்கு 'டிஃப்ராக்' என்று பெயர். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட பெரிய யானை. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954-ல் மும்பைக்கு வந்தவர். பம்பாய்க்கு வந்த தமிழன் தோல் பதனிட்டான், இட்லி விற்றான், டைப் அடித்தான் என்றுதான் நாம் கதை சொல்கிறோம். கணிப்பொறி கட்டியவனும் அந்த வரிசையில் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: என்ன படிப்பு?

கணிப்பொறிப் படிப்பு என்றால் உடனே பி.இ. என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். வழிகள் நாலு இருக்கின்றன.

ஒன்று, நாலு வருஷப் பொறியியல் பட்டம். கணிப்பொறிப் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்று பல பெயர்ப்பலகைகள். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். முதல் வருஷம் கணக்கும் இயற்பியலும் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகும் நிரலாக்கம், தரவு அமைப்புகள், இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு என்ற அடித்தளப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். நல்ல கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டுச் சுமாரான கல்லூரியில் நாகரிகமான பெயருள்ள பிரிவுக்கு ஓடுவது புத்திசாலித்தனம் இல்லை.

இரண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் அல்லது பி.எஸ்ஸி. தகவல் தொழில்நுட்பம். சயான் எஸ்.ஐ.இ.எஸ்., மாட்டுங்கா ரூயா, கால்சா போன்ற கல்லூரிகள் இருக்கிற வட்டாரம் நம்முடையது. பொறியியலை விடச் செலவு குறைவு. பிறகு எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதலாம். முன்பு மூன்று வருஷமாக இருந்த எம்.சி.ஏ., 2020-21 முதல் இரண்டு வருஷமாகி விட்டது. ஆக மூன்றும் இரண்டும் ஐந்து வருஷத்தில் முதுகலைப் பட்டமே கைக்கு வந்துவிடும்.

மூன்று, பி.சி.ஏ. 2024-25 முதல் இது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கண்காணிப்புக்குள் வந்திருக்கிறது. மராட்டியத்தில் இதற்கும் தனி நுழைவுத் தேர்வு நடக்கிறது. இது தெரியாமல், "பி.சி.ஏ.தானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று இருந்து கோட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாலு, பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ. அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நான் வந்த பாதை இதுதான். பதினொன்று, பன்னிரண்டு கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியாத வீட்டுக்கு இது கௌரவமான வழி. பாந்த்ராவில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. "டிப்ளமோவா?" என்று முகம் சுளிக்கிற உறவினர்களை மட்டும் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்த வாசல்?

இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாநிலத்தின் பொறியியல் இடங்களில் பெரும்பகுதி எம்.எச்.டி.-சி.இ.டி. என்ற தேர்வின் வழியாக நிரப்பப்படுகிறது. இயற்பியல் 50, வேதியியல் 50, கணிதம் 100, மொத்தம் 200 மதிப்பெண். கணிதத்தில் ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் என்பதால் கணக்குதான் ராஜா. தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். தனியார் கல்லூரிகளில் ஒரு பகுதி இடங்களுக்கு ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணும் செல்லும். பவாய் ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தனி.

சி.இ.டி. முடிவு மதிப்பெண்ணாக வராது, பெர்சென்டைலாக வரும். "பையன் தொண்ணூத்திரெண்டு வாங்கிட்டான்" என்று லட்டு கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். 92 பெர்சென்டைல் என்றால் 92 மதிப்பெண் அல்ல, 92 சதவீதமும் அல்ல. அவனோடு அதே வேளையில் எழுதிய நூறு பேரில் 92 பேர் அவன் அளவோ அதற்குக் கீழோ எடுத்தார்கள் என்று பொருள். லட்சக்கணக்கில் எழுதும் தேர்வில் மீதி எட்டு சதவீதம் என்பது பல்லாயிரம் பேர். வி.ஜே.டி.ஐ. கணிப்பொறிப் பிரிவுக்கு நிற்கும் வரிசையில் அந்தப் பல்லாயிரம் பேரும் நமக்கு முன்னால் நிற்கிறார்கள்.

முடிவு வந்த பிறகு 'கேப்' எனப்படும் மையச் சேர்க்கை. விருப்பப் பட்டியலை நாமே இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025-ல் நாலு சுற்றுகள் நடந்தன. முதல் சுற்றில் முதல் விருப்பமே கிடைத்தால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது விதி. "சும்மா போட்டு வைப்போம்" என்று முதல் இடத்தில் எதையாவது எழுதினால் அதுவே தலையில் விடியும். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் செய்ததைப் பார்த்து நிரப்பாதீர்கள். அந்த வருஷக் கையேட்டை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

இனி, மனுவில் நாம் யார் என்று கேட்கிற கட்டங்கள்.

முதலாவது, நாம் எந்த மாநிலத்தார் என்ற கேள்வி. பத்தாவதும் பன்னிரண்டாவதும் மராட்டியத்தில் தேறி, இங்கே பிறந்தவராகவோ நிரந்தரக் குடியிருப்புச் சான்று பெற்றவராகவோ இருந்தால் முதல் வகை. பன்னிரண்டாவது எங்கே படித்தார்களோ அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகம் 'சொந்தப் பல்கலைக்கழகம்' ஆகும். அதற்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. "ரெண்டு வருஷம் ஊர்ல பாட்டி வீட்ல இருந்து படிக்கட்டும்" என்று பிள்ளையைப் பிளஸ் டூவுக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது இந்த வகை மாறிவிடும். பெற்றோரின் குடியிருப்புச் சான்றைக் காட்டி வேறு வகையில் மனுச் செய்யலாம். 

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கிற அப்பாவின் முகம் வாடும். ஊரில் தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இங்கே மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த வழக்கே நம் மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர வந்த மாணவருடையதுதான். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த குடும்பம். தந்தை வேலைக்காகப் பம்பாய் வந்தவர். பையன் வளர்ந்தது இங்கே. இருந்தாலும் ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பது இன்னொரு மாநிலத்தில் உரிமை தராது என்று தீர்ப்பாயிற்று.

மராட்டியத்தில் சான்று பெற வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். சாதியின் பெயர் இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். குடும்பம் குறிப்பிட்ட நாளில் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். அந்த நாள், பட்டியல் சாதியினருக்கு 10-8-1950. பட்டியல் பழங்குடியினருக்கு 6-9-1950. விமுக்த ஜாதி, நாடோடிப் பழங்குடியினருக்கு 21-11-1961. இதர பிற்பட்டோருக்கு 13-10-1967. தாத்தா 1948-ல் வந்தார் என்று வாய்ச்சொல் போதாது. பழைய பள்ளிப் பதிவு, வாடகை ரசீது, ரேஷன் கார்டு, ஆலைச் சீட்டு ஏதாவது ஒன்று வேண்டும். தகரப் பெட்டியில் கிடக்கும் மஞ்சள் பூத்த காகிதங்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சான்றிதழ் கிடைத்த பிறகு அதைச் சரிபார்க்கும் குழுவிடம் 'வேலிடிட்டி' என்ற இரண்டாவது சான்றும் பெற வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரி மூலம் அதற்கு மனுக் கொடுத்துவிடுவது நல்லது. சேர்க்கை நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

மூன்றாவது, தாய்மொழி. இது பலருக்குத் தெரியாத வாசல். மும்பையில் பல பொறியியல் கல்லூரிகள் மொழி அல்லது மதச் சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்கள். அவற்றில் சுமார் பாதி இடங்கள் அந்தச் சிறுபான்மைக்கே ஒதுக்கப்படுகின்றன. செம்பூர் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் வெசிட் 1984-ல் தொடங்கிய நல்ல பெயருள்ள கல்லூரி. அது சிந்தி மொழிச் சிறுபான்மை நிறுவனம். குஜராத்தி, இந்தி, மலையாளம் என்று மற்றவர்களுக்கும் உண்டு. நமக்கு? 1932-ல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், அதாவது எஸ்.ஐ.இ.எஸ்., நெருலில் 2002-ல் பொறியியல் கல்லூரி ஏற்படுத்தியது. அங்கே தமிழ் மொழிச் சிறுபான்மை இடங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களுக்கு முட்டி மோதுகிற பிள்ளைக்கு இங்கே குறைந்த பெர்சென்டைலிலும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வருஷமும் சி.இ.டி. பிரிவு வெளியிடும் பட்டியலில் எந்தக் கல்லூரிக்கு எந்தச் சிறுபான்மைத் தகுதி என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தைக் கேட்க என்ன ஆதாரம்? குடியிருப்புச் சான்று, ஓர் உறுதிமொழிப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளி விட்ட சான்றிதழ். அதில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை

என் தங்கை மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது மனுவை நிரப்பியது நான்தான். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் ஷாப்பில் கைகள் வெந்து போக உழைத்தவர். தாய்மொழிக் கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினேன். அப்பா குரலைத் தாழ்த்தி, "மராத்தின்னு போடுலே" என்றார்.

"எதுக்கு அப்பா? வீட்ல தமிழ்தானே பேசுதோம்?"

"நீ பாக்கலலே. நான் பாத்தவன். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தொந்தரவு வரப்படாது. போடு."

1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்த நகரத்தில் எழுந்த கிளர்ச்சியை அவர் கண்ணால் கண்டவர். கடைகள் உடைந்ததையும், வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் பயந்ததையும் கடைசி வரை மறக்கவில்லை. அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியது என் கை. 'மராத்தி' என்று எழுதினேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு சொல் திரும்பி வந்தது. பையனுக்கு சி.இ.டி.யில் நடுத்தரமான பெர்சென்டைல். தமிழ்ச் சிறுபான்மை இடம் கிடைக்கக்கூடிய நிலை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு சரிபார்ப்பு மையத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் சான்றிதழைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தாய்மொழி மராத்தி என்று இருக்கிறதே?" உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோம் என்றோம். சான்றிதழ் ஒன்றும் பத்திரம் வேறொன்றும் சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பள்ளிக்கு ஓடினோம். படிக்கும்போது கேட்டிருந்தால் திருத்தியிருக்கலாம், பள்ளியை விட்டுப் போன பிறகு மேலே கல்வி ஆய்வாளர் வரை போக வேண்டும் என்றார்கள். அதற்குள் சேர்க்கைச் சுற்றுகள் முடிந்துவிட்டன.

ரயிலில் திரும்பி வரும்போது பையன் கேட்டான்: "மாமா, நாம தமிழ்னு நிரூபிக்க என்ன செய்யணும்?" என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அவன் தாத்தாவோடு தமிழில்தான் சண்டை போடுவான், தமிழில்தான் கனவு காண்பான். காகிதத்தில் மட்டும் இல்லை.

அவன் பி.எஸ்ஸி. தகவல் தொழில்நுட்பம் படித்தான். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. முடித்தான். இப்போது வேலையில் இருக்கிறான். ஆகவே கதை சோகத்தில் முடியவில்லை. ஆனால் திறந்திருந்த ஒரு வாசலை நான் என் கையாலேயே பூட்டினேன் என்பது மாறவில்லை. இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். உங்கள் பிள்ளை இப்போது ஐந்தாவதோ எட்டாவதோ படிக்கிறது என்றால், நாளைக்கே பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டில் தாய்மொழி, பெயர், பிறந்த ஊர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் பிள்ளை அங்கே படிக்கும்போதே எழுத்து மூலம் கேட்டுத் திருத்துங்கள்.

ஊருக்கு அனுப்பலாமா?

"தமிழ்நாட்லதான் தெருவுக்குத் தெரு காலேஜ் இருக்கே" என்பார்கள். உண்மைதான். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரின் பூர்வீகச் சான்று பெற்று ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் மனுச் செய்யலாம். இங்கே செல்லாத ஊர்ச் சாதிச் சான்று அங்கே செல்லுபடியாகும் என்பது பல குடும்பங்களுக்குப் பெரிய வித்தியாசம்.

ஆனால் மூன்று விஷயம் யோசிக்க வேண்டும். விடுதிச் செலவு, அங்கே கிடைக்காத மராட்டிய அரசின் கட்டணச் சலுகை, வீட்டை விட்டுப் பதினேழு வயதில் போகும் பிள்ளையின் மனம். அண்ணா பல்கலைக்கழக வளாகமோ நல்ல அரசு, அரசு உதவிக் கல்லூரியோ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். பேர் தெரியாத கல்லூரிக்கு முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து அழைத்துப் போகிறார் என்றால் இரண்டு கண்ணையும் திறந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்வி: உள்ளே என்ன நடக்கிறது?

கட்டடமும் கண்ணாடியும் பார்த்துக் கல்லூரி எடுக்கக் கூடாது. தரச் சான்றுகளில் இரண்டு உண்டு. 'நாக்' என்பது கல்லூரி முழுவதற்கும் தரும் மதிப்பு. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே தருவது. கல்லூரிக்கு 'ஏ' கிடைத்திருக்கலாம். நீங்கள் சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. இல்லாமல் இருக்கலாம். வெளிநாட்டு மேற்படிப்பு எண்ணமிருந்தால் இதைக் கவனியுங்கள். 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது என்.பி.ஏ. வழியாகத்தான்.

அடுத்தது ஆசிரியர் எண்ணிக்கை. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியக் குழுவின் அளவுகோல். 2024-25 முதல் ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை அக்குழு தளர்த்தியதால், கணிப்பொறிப் பிரிவில் இடங்கள் பெருகியிருக்கின்றன. இடங்களோடு ஆசிரியர்களும் பெருகினார்களா? கல்லூரிக்குப் போய் வாயிலில் நிற்கிற மூன்றாம் வருஷ மாணவனைக் கேளுங்கள்: ஆய்வகத்தில் ஆளுக்கொரு கணிப்பொறி உண்டா, பாடம் எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, நடுவில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள்? விளம்பரத் தாள் சொல்லாததை அவன் ஒரு கட்டிங் சாயில் சொல்லிவிடுவான்.

வேலைவாய்ப்புக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். பத்துப் பேரில் ஒருவனுக்கு ஆண்டுக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கு 4 லட்சம் என்று வையுங்கள். 'சராசரி' 7.6 லட்சம் என்று பலகையில் போடலாம், பொய்யில்லை. ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவன் வாங்குவது 4 லட்சம். நீங்கள் கேட்க வேண்டியது அந்த நடுமதிப்பையும், படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும்தான்.

பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தாராவிப் பிள்ளை நெருலுக்குப் போக சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் வண்டி பிடிக்க வேண்டும். செம்பூர்ப் பிள்ளைக்கு ஒரே வண்டி. தினம் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே போய் வருகிற பிள்ளை ராத்திரி புரோகிராம் எழுதிப் பழகுவது சிரமம். சமமான இரண்டு கல்லூரிகள் இருந்தால் பக்கத்தில் இருப்பதே நல்லது.

நாலாம் கேள்வி: பணம்

தனியார் கல்லூரிக் கட்டணத்தை மாநிலக் கட்டண ஒழுங்கு ஆணையம் நிர்ணயிக்கிறது. கல்லூரிவாரியாக அதன் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு மேல் ரசீதில்லாமல் கேட்பது நன்கொடை; மராட்டியத்தில் 1987-லேயே சட்டப்படி தடை செய்யப்பட்டது.

சலுகைகள் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும் சிறப்பு இடங்கள் சில ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. விருப்பப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீட்டு எண். அதை எழுதினால்தான் கிடைக்கும். இரண்டாவது, ராஜர்ஷி சாகு மகராஜ் பெயரிலான உதவித் தொகை, பொதுப் பிரிவினரில் அதே வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குப் பாதிக் கல்விக் கட்டணம். மூன்றாவது, 2024-25 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய பிரிவு, இதர பிற்பட்ட பிரிவு ஆகியவற்றைச் சேர்ந்த, அதே வருமான வரம்புக்குள் உள்ள பெண்களுக்குக் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுச் சலுகை. இவை 'கேப்' வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு சலுகை கேட்டால் கிடைக்காது. "எதுக்கு இந்த ரவுண்டு எல்லாம், நேரா போய் கட்டிரலாம்" என்று அவசரப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முடிவாக

போன மழைக்காலத்தில் தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி மகளோடு வந்தார். இட்லி வியாபாரம். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். தேர்வு அடுத்த வருஷம்தான். "இப்பவே எதுக்குன்னு என் வீட்டுக்காரி திட்டுதா, அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே ஃபைலைப் பிரித்தார். நான் முதலில் தேடியது பள்ளி விட்ட சான்றிதழ். தாய்மொழி: தமிழ். யார் எழுதினது என்று கேட்டேன்.

"எங்க அம்மா கூடப் போயிருந்தா. எழுதப் படிக்கத் தெரியாது. கிளார்க் கேட்டதுக்கு, தமிழ்னு சத்தமா சொன்னா."

எழுத்தறியாத அந்தப் பாட்டி சரியாகச் செய்ததை, படித்த நான் தவறவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. அது அவள் கணக்கைப் பொறுத்தது. ஆனால் அவள் போய் நிற்கும்போது ஒரு வாசலும் காகிதத்தால் மூடியிருக்காது. குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். தகப்பனார் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் அதைப் பிடுங்கி, பிரித்து, ஃபைலுக்குள் வைத்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.